பத்து நிமிடம் தூங்காத பத்துப் பேர்

கோயம்புத்தூரில் இருபது வருடமாக அடுத்தவர் தலைக்குள் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். நாற்பத்திரண்டு வயதில் ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நாற்பத்தாறு வயதில் அது முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜொகூருக்கு நான் போனது ஊர் சுற்ற இல்லை. மெஷினுக்குள் பத்து நிமிடம் தூங்காமல் படுத்திருக்கும் பத்துப் பேரைத் தேடிப் போனேன். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். ஒரே மொழியில் வாழ்கிறவர் மூளையும், நாளெல்லாம் மூன்று மொழிகளுக்குள் தாவித் தாவி வாழ்கிறவர் மூளையும், எந்த வேலையும் இல்லாத நேரத்தில் ஒரே மாதிரி இயங்குகின்றனவா என்பது என் கேள்வி. கோவையில் தமிழ் மட்டுமே பேசும் பன்னிரண்டு லேத் பட்டறைத் தொழிலாளிகளைப் படம் எடுத்து முடித்திருந்தேன். அதை மட்டும் வைத்து ஒரு கட்டுரையும் எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியாகிவிட்டது. இனி ஜொகூர்த் தமிழர்கள் வேண்டும். பத்துப் பேருடைய நல்ல படம் கிடைக்காவிட்டால் ஆய்வின் மறுபாதியே இல்லை என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார். இந்த வருடக் கடைசியோடு என் பதிவும் காலாவதியாகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஜொகூர் பாருவில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் மழை யோசித்து யோசித்துப் பெய்யும். இங்கே குழாயைத் திறந்துவிட்டது போல் கொட்டிவிட்டு, அரை மணியில் ஒன்றும் தெரியாத மாதிரி வெயில் அடிக்கிறது. தங்கின அறைக்குக் கீழே ஜமால் பாயின் சாப்பாட்டுக் கடை. அவருடைய வாப்பா ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவராம். தோசைக்குச் சட்னி கேட்டேன். நெத்திலி மிதக்கும் சம்பல் வந்தது. முகம் சுளித்துக்கொண்டே ஆரம்பித்து, இரண்டாவது தோசைக்கு நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மெஷினை வைத்து மூளைக்குள் அப்படி என்னதான் பார்ப்பீர்கள் என்று பாய் கேட்டார். எதிரே அவருடைய கடையே இருந்ததால் விளக்குவது சுலபமாகிவிட்டது. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பேசுவது எனக்குக் கேட்காது, கைகளின் வேகம் மட்டும்தான் தெரியும் என்றேன். ரொட்டி போடுகிறவரின் கை வேகமாகும்போதெல்லாம் தேநீர் ஆற்றுகிறவரின் கையும் வேகமானால் அவர்கள் இருவரும் ஒரு கூட்டணி. இவர் வேகமாகும்போது கல்லாவில் இருப்பவர் மந்தமானால் அது வேறு கூட்டணி. மூளையிலும் இப்படித்தான். ஒவ்வொரு பகுதியிலும் இரத்தத்தின் ஆக்சிஜன் ஏறி இறங்குவதை மெஷின் விநாடிக் கணக்கில் குறித்துக்கொள்கிறது. எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்தால் யார் யாரோடு கூட்டு என்பது தெரிந்துவிடும். அதிலும் நான் பார்ப்பது கடையில் ஆளே இல்லாத பத்து நிமிடத்தை என்றேன்.

பாய் யோசித்தார். "கடையில ஆள் இல்லன்னா நம்ம பசங்க தூங்கிடுவானுங்களேம்மா" என்றார்.

நான் சிரித்தேன். அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கியது. ஒரு மருத்துவமனையில், அன்றைய நோயாளிகள் முடிந்த பிறகு ஐந்திலிருந்து எட்டு வரை, வெள்ளிக்கிழமை வரை மெஷினைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். மெஷினை இயக்குபவர் அஸ்லினா என்ற மலாய்ப் பெண். முப்பது வயது இருக்கும், பேச்சு குறைவு, வேலை சுத்தம். எனக்கு மலாய் தெரியாது. இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

ஆட்களைச் சேர்த்துத் தந்தவள் வசந்தி. என் பேராசிரியரின் பழைய மாணவி ஒருத்திக்கு நாத்தனார். கூலாயில் வீடு, சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. காலையில் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு மாலையில் திரும்பி வருகிறவள். அவள் சேர்த்தவர்களும் அதே ரகம்தான். தமிழ்ப் பள்ளியில் படித்து, மலாயில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் சம்பளம் வாங்குபவர்கள். என் ஆய்வுக்கு ஆர்டர் கொடுத்துச் செய்த மாதிரி ஆட்கள்.

முதலில் வந்தவர் இடுப்பில் தாயத்துக் கட்டியிருந்தார். காந்தத்துக்குள் உலோகம் ஆகாது. கழற்ற மாட்டேன் என்று அவர் அடம்பிடிக்க, நான் எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் வசந்தி கையை நீட்டி, அவர் வெளியே வரும்வரை கீழே வைக்காமல் பிடித்திருப்பதாகச் சொன்னாள். கொடுத்துவிட்டார். ஆயத்தமும் மற்றப் படங்களுமாகச் சேர்ந்து நாற்பது நிமிடம் ஆனது, அவ்வளவு நேரமும் அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டு நின்றாள். தொலைபேசி வந்தபோதுகூட இடது கையால்தான் எடுத்தாள்.

எல்லோருக்கும் நான் தமிழில் எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். "அடுத்த பத்து நிமிடம் ஓய்வாக இருங்கள். கண்களைத் திறந்து வைத்து, எதிரே தெரியும் கூட்டல் குறியைப் பாருங்கள்." அதை மலாயிலும் மொழிபெயர்த்து வாங்கியிருந்தேன். தொடங்கும் முன் அஸ்லினா அதை ஒலிவாங்கியில் ஒருமுறை வாசிப்பார். முடிந்ததும் தூங்கினீர்களா என்று கேட்டேன். அன்று வந்த மூன்று பேரும் இல்லவே இல்லை என்றார்கள். அறைக்குத் திரும்பி அரைகுறையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோவைக்காரர்களின் படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. மூன்று பேரை வைத்து என்ன சொல்ல முடியும் என்று என்னையே தேற்றிக்கொண்டு படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை குட்டு வெளிப்பட்டது. அன்றைய இரண்டாவது ஆள் செனாய் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர், நல்ல வாட்டசாட்டம். மெஷினின் தடதடப்பு நின்ற இடைவெளியில் ஒலிபெருக்கி வழியாக ஒரு சத்தம் வந்தது. குறட்டை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே வயிற்றில் கட்டும் மூச்சுப் பட்டையின் பதிவுகளைத் திறந்தேன். விழித்திருப்பவரின் மூச்சு மேடும் பள்ளமுமாக இருக்கும். தூங்குகிறவரின் மூச்சு ஒரே சீராகும். திங்கட்கிழமை வந்த மூன்று பேருடைய பதிவும் சீராக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அஸ்லினா ஒலிவாங்கியில் குனிந்து, உள்ளே இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "தூங்கு, யா. தூங்கு."

என் காதால் கேட்டேன். அதுவும் இது முதல் தடவை இல்லை. நேற்றும் ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னார் என்பது நினைவுக்கு வந்தது. ஏதோ மலாய் என்று விட்டிருந்தேன். இது சுத்தமான தமிழ் அல்லவா! யாரோ விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்ததை இந்தப் பெண் தாலாட்டு மாதிரி பாடிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குள் ஏறிவிட்டது. என் நான்கு வருட உழைப்பு உனக்கு விளையாட்டா, யார் உன்னை அவர்களைத் தூங்கச் சொல்லச் சொன்னது என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கத்திவிட்டேன். அஸ்லினா திருதிருவென்று விழித்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது.

வசந்தி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அலமாக், அக்கா. அது தூங்கு இல்ல. துங்கு. மலாய்ல வெயிட் பண்ணுங்கன்னு அர்த்தம். மெஷின் ரெடியாகுற வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்றாங்க லா."

தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அஸ்லினாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். வசந்தி விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார், ஆனாலும் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் ஒரு டப்பா நிறைய தேங்காய்ப் பூ போட்ட பலகாரம் வாங்கிப் போய்க் கொடுத்தேன். அவர் அதில் பாதியை எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

அஸ்லினா மேல் குற்றம் இல்லை என்றால் பின் எதற்காகத் தூங்குகிறார்கள்? வசந்திதான் என் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேலும் கீழும் படித்தாள்.

"ஓய்வா இருங்கன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. மலாய்ல ரேஹாட்னு போட்டிருக்கு. எங்களுக்கு ரேஹாட்னா ஒண்ணுதான்க்கா. பேக்டரில அரை மணி நேரம் விடுவாங்க, கெண்டீன்ல மேச மேல தலைய வெச்சா உடனே தூங்கிடுவோம். வருஷக்கணக்கா பழகிடுச்சு. ரேஹாட்னு காதுல விழுந்தாலே கண்ணு சொருகும்."

ஓய்வு நிலை என்பது எங்கள் துறையில் புழங்கும் ஆங்கிலப் பெயரை நான் அப்படியே தமிழாக்கியது. அந்தப் பெயரே தப்பு. மூளை அந்த நேரத்தில் ஓய்வெடுப்பதில்லை. நேற்று நடந்த சண்டை, நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை, எப்போதோ கேட்ட ஒரு பேச்சு என்று தனக்குள்ளேயே அலைந்துகொண்டிருக்கும். எனக்கு வேண்டியது அந்த அலைச்சல். இது எனக்குத் தெரியும், வகுப்பெடுக்கக்கூடத் தெரியும். இருந்தும் தாளில் ஓய்வு என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆறு பேரில் ஆறு பேரும் தூங்கியிருந்தார்கள். கைவசம் இருந்தது மூன்றே நாள்.

இவர்கள் எப்போதுதான் தூங்காமல் சும்மா இருக்கிறார்கள் என்று கேட்டேன். காலையில் வந்து பார்க்கச் சொன்னாள் வசந்தி.

புதன்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினேன். பாய் கடையில் அந்த நேரத்திலும் கூட்டம். கோவையில் அந்த நேரத்துக்குப் பால்காரரும் நாய்களும் மட்டும்தான் தெருவில் இருப்பார்கள். இங்கே ஒரு நகரமே நடந்துகொண்டிருந்தது. பைகளோடு, தலைக்கவசங்களோடு, ஈரத் தலைமுடியோடு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே திசையில் போனார்கள், எல்லோரும் பாலத்தைத் தாண்டி அடுத்த நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை. எனக்கு அந்தப் பக்கம் போக விசா கிடையாது. சோதனைச் சாவடிக் கட்டடத்தின் வாசல்வரை வசந்தியோடு நடந்தேன்.

பேருந்தில் தூங்குவேன், வேலையிடத்தில் இடைவேளையில் தூங்குவேன், திரும்பி வரும்போது நின்றுகொண்டேகூடத் தூங்குவேன் என்றாள் அவள். வரிசையில் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"லைன்ல ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. போன் எடுத்தா பின்னாடி உள்ளவங்க தள்ளுவாங்க. தூங்கவும் முடியாது, எப்ப நம்ம டர்ன் வரும்னு தெரியாதே. சும்மா நிப்போம். மனசு பாட்டுக்கு எங்கயாச்சும் போயிட்டு வரும்."

நான் நின்ற இடத்திலேயே அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். எனக்கு வேண்டியது அதுதான். நாலு வருடமாக நான் படித்த அத்தனை பேரும் பக்கம் பக்கமாகச் சொன்னதை இவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அவளுக்கு என் உற்சாகம் புரியவில்லை. நேரமாகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அறைக்கு வந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். "காத்திருங்கள். உங்கள் முறை எப்போது வேண்டுமானாலும் வரலாம். கண்களைத் திறந்து வைத்திருங்கள். மனம் போகும் இடத்துக்குப் போகட்டும்." மலாயில் என்ன சொல்வது என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. மாலையில் அஸ்லினாவிடம் தாளை நீட்டி, அந்த வார்த்தையை நானே என் வாயால் சொன்னேன். துங்கு. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எங்கே மறுபடி சொல்லுங்கள் என்றார். சொன்னேன். உச்சரிப்பு இன்னும் தூங்கு மாதிரிதான் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லி, முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். பாதியில் வாசகத்தை மாற்றினால் முதல் ஆறு பேர் வீண்தான் என்றார். தெரியும் என்றேன். கோவையில் பழைய வாசகத்தில் எடுத்திருக்கிறோமே என்று இழுத்தவர், "அவங்க முழிச்சுத்தானே இருந்தாங்க?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்.

புதன்கிழமை மூன்று பேர். மூன்று மூச்சும் மேடும் பள்ளமும். ஒருவர் வெளியே வந்து, கடைசிவரை முறை வரவே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

வியாழக்கிழமை காலையில், மீதி இருந்தவர்களை நேரில் பார்த்து விளக்கிவிட்டு வரலாம் என்று கூலாய்க்குப் பேருந்து ஏறினேன். குளிர்சாதனப் பேருந்து, கூட்டமில்லை, ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்ப்பனை, மறுபடி எண்ணெய்ப்பனை, மறுபடியும் எண்ணெய்ப்பனை. கண்ணைத் திறந்தபோது கூலாய் எப்போதோ போய்விட்டது. மூன்று நாளாக ஊரையே தூங்காதே என்று மிரட்டியவள் நான். இறங்கித் திரும்பி நடக்க ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. பனங்குலை ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் வயதான சீனர். தமிழில் இரண்டே வார்த்தைதான் தெரியுமாம், "ஏறு" என்றும் "இறங்கு" என்றும். ஏறச் சொன்னார், கூலாயில் இறங்கச் சொன்னார். இடையில் அவருக்கும் எனக்கும் ஒரு பேச்சும் தேவைப்படவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்து போய் நின்ற என்னைப் பார்த்த பிறகு, வர யோசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர்கூட வருகிறோம் என்றார்கள். பாவம் பார்த்தார்களா, பயந்தார்களா தெரியாது. அன்று மாலை நான்கு பேர். நான்கும் நல்ல படம். ஏழு ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடைத்தெருவே அடங்கியது. ஜமால் பாய் பள்ளிவாசலுக்குப் போகும் முன் எனக்கு ஒரு தட்டு லக்சா வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார். மீன் குழம்புக்கு அடியில் இடியாப்பம் மாதிரி ஏதாவது இருக்கும் என்று கிளறினால் இத்தாலிக்காரர்களின் ஸ்பகெட்டி. ஜொகூரில் அதுதான் முறையாம். இந்த ஊருக்கு எதையும் எதோடும் சேர்க்கத் தயக்கமே இல்லை. சாப்பாட்டிலும் சரி, பேச்சிலும் சரி. என் ஆய்வுக்கு ஏற்ற ஊர்தான் என்று நினைத்துக்கொண்டே வழித்துச் சாப்பிட்டேன்.

மாலையில் இரண்டு பேர் முடிந்து ஒன்பது ஆனது. பத்தாவது ஆள் பொந்தியானிலிருந்து வர வேண்டும். ஏழரைக்கும் வரவில்லை. வழியில் ஏதோ விபத்து, வண்டிகள் நகரவில்லை என்று வசந்தி தொலைபேசியில் கேட்டுச் சொன்னாள். எட்டு மணிக்கு மெஷின் நேரம் முடிகிறது. அஸ்லினா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு யாரிடமோ தொலைபேசியில் மலாயில் ரொம்ப நேரம் பேசினார். வீட்டுக்குத் தாமதமாக வருவதாகச் சொன்னாராம், மேலதிகாரியிடமும் அனுமதி வாங்கிவிட்டாராம். நான் கத்திய அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார். எட்டரைக்கு அந்த மனிதர் இரண்டு அன்னாசிப் பழங்களோடு ஓடி வந்தார். ஒன்றை அஸ்லினாவுக்குக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

தூங்கவில்லை. பத்து.

அன்றைக்கே கணக்கை ஓடவிட்டேன். விழித்திருந்த பத்துப் பேரின் படமும் கோவைப் பன்னிரண்டு பேரின் படமும் அடியோடு வேறாக இருந்தன. மனம் தனக்குள் அலையும்போது வேலை செய்யும் பகுதிகளும் வெளியே கவனிக்கும் பகுதிகளும் இங்கே தெளிவாக மாறி மாறி ஏறி இறங்கின. கோவையில் அந்தப் பிரிவு மங்கலாக இருந்தது, பார்வையும் தொடுவுணர்வும் மட்டும் ஒரே கூட்டமாக அசைந்தன. நான்கு வருடமாக நான் எதிர்பார்த்த வித்தியாசம் திரையில் இருந்தது. பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டு, நீ ஜெயித்துவிட்டாய் என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை மதியம் விமானம். காலையில் பாய் கடையில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி மடிக்கணினியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். தூங்கிய ஆறு பேரின் கோப்புகளைத் தனியே ஒதுக்க வேண்டும். ஒதுக்கும் முன் ஒரே ஒரு முறை அந்தப் படங்களைத் திறந்தேன். திங்கட்கிழமை எனக்கு ஏமாற்றம் தந்த படங்கள். கோவைப் படங்களைப் பக்கத்தில் வைத்தேன்.

அச்சு அசல் ஒன்றாக இருந்தன.

பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டேன். மூன்று மொழி பேசுகிறவர்கள் இவர்கள், ஒரே மொழி பேசுகிறவர்கள் அவர்கள். இவர்கள் தூங்கிய படம் அவர்களுடைய படத்தைப் போல் எப்படி இருக்கும்? ஒரே ஒரு வழிதான் உண்டு. கோவையிலும் மூச்சுப் பட்டை கட்டித்தான் எடுத்தேன். ஆனால் அந்தப் பதிவை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. என் ஊர், என் ஆட்கள், நானே தமிழில் சொல்லி நானே படுக்கவைத்தவர்கள். பட்டறையில் காலையெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடித்து, இரண்டு மணிக்கு வந்தவர்கள். மெஷின் அறையின் குளிரில் அவர்களைப் படுக்கவைத்து ஓய்வாக இருங்கள் என்றிருக்கிறேன்.

திறந்தேன். பன்னிரண்டில் ஏழு பேர் நன்றாகத் தூங்கியிருந்தார்கள். இரண்டு பேர் சந்தேகம். மூன்றே பேர் விழித்திருந்தார்கள்.

அழுதுவிட்டேன். நடுக்கடையில், வெட்கமில்லாமல். ஜமால் பாய் நுரை வர ஆற்றிய தேநீர், இங்கே தே தாரிக் என்பது, ஒன்று கொண்டுவந்து வைத்தார். அவருடைய கடையை வைத்தே விளக்கியிருந்ததால் இதையும் அவருக்குச் சொல்ல முடிந்தது. விழித்திருக்கிற கடையையும் தூங்குகிற கடையையும் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் பேசும் மொழியில் இருக்கிறது என்று எழுதப் பார்த்தேன் என்றேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வேற யாராச்சும் கண்டுபிடிப்பாங்களாம்மா?"

மாட்டார்கள் என்றேன். மூச்சுப் பதிவை யாரும் கேட்பதில்லை. அந்தக் கோப்பு என் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. வீட்டில் மறுபடி சிரிக்க ஆரம்பிப்பார்களா, இல்லை அதைவிட மோசமாக, என்னோடு பேசாமலே இருந்துவிடுவார்களா என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். வருடக் கடைசிக்குள் பன்னிரண்டு பேரையும் மறுபடி எடுத்து முடிக்க முடியுமா என்பதும் தெரியவில்லை.  மேசை எப்போதோ சுத்தமாகிவிட்டது, பாய் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பேராசிரியரைக் கூப்பிட்டால் அழுதுவிடுவேன் என்று கடிதமாக எழுதினேன். "சார், நான் மொழியை அளக்கவில்லை. தூக்கத்தை அளந்திருக்கிறேன். அனுப்பிய கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கோவையை முதலிலிருந்து எடுக்கிறேன்." ஏழு பேரின் மூச்சுப் பதிவையும் இணைத்தேன். அனுப்பிவிட்டுக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. திட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை. "கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை நான் எழுதுகிறேன். நீ ஆட்களைக் கூப்பிடு."

அங்கிருந்தே ஆரம்பித்தேன். பட்டியலில் முதல் பெயர் பழனிச்சாமி அண்ணன், சிங்காநல்லூரில் லேத் ஓட்டுகிறவர். வணக்கம் சொல்லி, இன்னொரு தடவை வந்து படுக்க வேண்டும், காலை நேரமாக வைத்துக்கொள்ளலாம், இந்தத் தடவை தூங்கிவிடக் கூடாது என்றேன்.

அந்தப் பக்கம் லேத் ஓடும் சத்தம் நின்றது.

"நான் தூங்குனது அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க மேடம்" என்றார். "நீங்கதானுங்களே ஓய்வா இருக்கச் சொன்னீங்க. சரியாத்தான் பண்ணீட்டேன்னு சந்தோசமா வீட்டுக்குப் போனனுங்க."

தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, என்றைக்கு வர வேண்டும் என்றார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னேன். அடுத்த பெயரை எடுத்தேன்.